முடங்கிய கால்களும் இயந்திரப் புறக்கூடும்

சென்ற ஆண்டின் இறுதியில் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் செல்லுகையில் விபத்துக்குள்ளாகி, முதுகெலும்பு முறிந்து, இடுப்பிற்குக் கீழ் உணர்ச்சியும் அசைவும் இழந்து, ஈராண்டுகளாய்ச் சக்கர நாற்காலியில் வாழ்ந்து வருபவர் அவர். கால் முடங்கியோரை எழுந்து நடக்கச் செய்யும் இயந்திரம் ஒன்று மேனாடுகளில் விற்கப்படுவதைப் படக்காட்சியொன்றிற் கண்டதாகவும், தம் தந்தையார் குடும்ப நிலத்தை விற்றேனும் அதனை வாங்கித் தர முன்வந்திருப்பதாகவும், பௌதிகம் கற்பித்த ஆசிரியன் என்னும் முறையில் என் கருத்தை அறிய விரும்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். அக்கடிதத்திற்கு உடனே விடை எழுத எனக்குத் துணிவு பிறக்கவில்லை. நூல்களையும் ஆராய்ச்சி வெளியீடுகளையும் சில வாரம் படித்த பின்னரே எழுதினேன். அங்ஙனம் கற்றவற்றை நம் மாணவர்க்கும் பயன்படுமாறு ஒரு பாடமாக ஈண்டு வரைகின்றேன்.

1. தண்டுவடமும் அதன் தொழிலும்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் நடுவே ஒரு குழாய் போன்ற வழி உளது. அவ்வழியே மூளையினின்றும் இறங்கிவரும் நரம்புக் கற்றையே தண்டுவடம். வளர்ந்த ஆடவரிடத்து இஃது ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுடையது. கனமோ நம் சிறுவிரலினும் மிகுந்ததன்று. இதினின்று இருபுறமும் 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. காலை எடுத்து வையென்னும் மூளையின் கட்டளை இதன் வழியாகவே இறங்குகின்றது. காலிலே முள் தைத்தது என்னும் செய்தி இதன் வழியாகவே ஏறுகின்றது.

தந்திக் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் யாவும் செய்தியற்றுப் போதல் போல, தண்டுவடம் நைந்த இடத்திற்குக் கீழுள்ள உறுப்புகள் மூளையின் ஆணையை இழக்கின்றன. கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும் முடங்கும். மார்பின் பின்புறத்தே அடிபட்டால் கைகள் பிழைக்கும், கால்கள் முடங்கும். தசையிலும் எலும்பிலும் குறையொன்றும் இல்லாதிருக்கவும், அவற்றை ஏவுவார் இல்லாமையாலேயே அவை செயலறுகின்றன. அறுந்த செப்புக் கம்பியை மீண்டும் பொருத்திவிடலாம். நைந்த தண்டுவடத்தைப் பழைய நிலைக்குக் கொணரும் வழியை வைத்திய சாஸ்திரம் இன்னும் கண்டிலது.

நடையிழப்பு ஒன்றே இந்நோயின் துன்பம் என்று எண்ணுதல் தவறு. மலசலங்களை அடக்கும் ஆற்றலும் குன்றுகின்றது. உணர்ச்சியின்மையால் ஒரே பக்கமாய் நெடுநேரம் இருப்பவர்க்குப் படுக்கைப்புண் உண்டாகின்றது. உடற்பாரத்தைத் தாங்காத கால் எலும்புகள் நாளடைவில் உறுதி குறைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, இத்தகைய ஊறுடன் வாழ்வோர் உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர். கீழே வீழ்தலும் சாலை விபத்துமே இதற்குப் பெருங்காரணங்கள்.

பண்டை எகிப்தியரின் வைத்திய ஏடொன்று இவ்வூற்றினைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்டதென ஒதுக்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இந்நோயாளர்க்கெனத் தனிப்பகுதி தொடங்கி, இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல் முதலிய எளிய முறைகளால் புண்ணையும் சிறுநீர்த் தொற்றையும் வென்றார். மரணத்திற்குக் காத்திருந்தவர் வாழத் தொடங்கினர். வாழ்பவர்க்கே நடக்கும் ஆசை உண்டாகும் ஆதலின், நடை இயந்திரத்தின் கதையைக் குட்மனின் படுக்கையறையிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

2. புறக்கூட்டின் வரலாறு

நமக்கு எலும்பு உள்ளே உளது. தசை வெளியே உளது. நண்டிற்கும் வண்டிற்கும் இம்முறை மாறி, வன்மையான கூடு வெளியே அமைந்திருக்கின்றது. அதுபோலவே மனிதன் உடலின்மேல் அணிந்துகொள்ளும் மூட்டுக்களையுடைய சட்டகத்தை எக்ஸோஸ்கெலிடன் என்பர். யாம் அதனைப் புறக்கூடு என வழங்குவோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1890-ஆம் ஆண்டில் ருஷியரான நிக்கோலஸ் யாகன் என்பவர், நடத்தல், ஓடுதல், தாவுதல் ஆகியவற்றை எளிதாக்கும் வில்லமைந்த கருவியொன்றிற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1960-களின் இடைப்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் பெரும்பாரம் தூக்குவதற்காக ஹார்டிமன் என்னும் இரும்புக் கூட்டினைச் செய்ய முயன்றனர். அது தன்னிலேயே 680 கிலோகிராம் அளவு கனத்தது. முழுமையும் இயக்கியபோது கட்டுக்கடங்காது ஆடியமையால், ஒரு கையளவில் மட்டுமே சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது.

நோயாளர்க்கென்றே எண்ணிச் செய்தவர் யுகோஸ்லாவியா தேசத்தார். பெல்கிரேட் நகரின் மிகாய்லோ பூப்பின் ஆராய்ச்சிக் கழகத்தில் மியோமிர் வுகொப்ரதோவிச் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும், அழுத்திய காற்றின் விசையால் இயங்கும் நடைக் கூடுகளை அமைத்தனர். நடக்கும் உடல் சாயாதிருப்பதற்கு அவர் வகுத்த கணித முறை இன்றளவும் நடக்கும் இயந்திரங்கள் பலவற்றிற்கு அடிப்படையாய் உளது. எனினும் இலேசான மோட்டாரும், சிறிய கணிப்பொறியும், திறன்மிக்க மின்கலமும் தோன்றும் வரையில் அவை ஆராய்ச்சிச் சாலையைவிட்டு வெளியேறவில்லை.

1997-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டுப் பொறியறிஞர் அமித் கோஃபர் ஒரு வாகன விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து நான்கு உறுப்புகளும் முடங்கினார். சக்கர நாற்காலிக்கு மாற்று வேறொன்றும் இல்லையோ என்று எண்ணிய அவர், 2001-ஆம் ஆண்டில் ஒரு கம்பெனியை நிறுவி, ரீவாக் என்னும் புறக்கூட்டினை உருவாக்கினார். ஆயின் அதனை அணிவோர் கைகளால் ஊன்றுகோல் பிடித்தல் வேண்டும். அவர் கைகளோ அதற்கேற்ற வலியற்றவை. தாம் கண்ட கருவி தமக்கே உதவாதென்று அறிந்தும் அவர் பிறர்க்காக அதனை முடித்தார். இச்செயலை மாணவர் நினைவிற் கொள்ளத்தகும்.

2012-ஆம் ஆண்டில் கிளேர் லோமஸ் என்னும் ஆங்கில மாது அக்கூட்டினை அணிந்து, இலண்டன் மாரத்தான் பந்தயத்தின் 42 கிலோமீட்டர் வழியையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் சிறிது சிறிதாய் நடந்து முடித்தார். 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து ஆட்சித்துறை அக்கூட்டினை மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலும் வீதியிலும் அணிய அனுமதித்தது. அவ்வாறு அனுமதி பெற்ற முதற்கூடு அதுவே. 2016-ஆம் ஆண்டில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய இன்டிகோ என்னும் கூடும் அவ்வனுமதியைப் பெற்றது.

3. அமைப்பும் இயக்கமும்

கூட்டின் உறுப்புகளை இனி நோக்குவோம். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையும், இரு கால்களின் வெளிப்புறத்தே உலோகச் சட்டங்களும், பாதத்தின்கீழ்ச் செருப்புள் நுழையும் தகடுகளும் உள. இடுப்பு மூட்டு இரண்டிலும் முழங்கால் மூட்டு இரண்டிலும் மோட்டார்கள் பொருந்தியிருக்கின்றன. கணுக்காலில் மோட்டார் இன்றி வில் மட்டும் அமைவது பெரும்பான்மை. மின்கலமும் கணிப்பொறியும் முதுகிலோ இடுப்பிலோ தங்குகின்றன.

மூளையின் ஆணை கால்களை எட்டாதபோது, அணிந்தவரின் எண்ணத்தைக் கூடு எவ்வாறு அறியும்? நாம் அடியெடுத்து வைக்குமுன் உடலைச் சிறிது முன்னே சாய்க்கின்றோம் அல்லவா? மார்பும் கைகளும் வலியுடன் இருப்பவர் அச்சாய்வைத் தாமே செய்யவல்லர். சாய்வை அளக்கும் நுண்கருவி அதனை உணர்ந்து கணிப்பொறிக்கு அறிவிக்க, கணிப்பொறி ஒரு காலின் மோட்டார்களை ஏவி ஓர் அடி வைப்பிக்கின்றது. மீண்டும் சாய்ந்தால் மற்றொரு கால் நகரும். எழுதல், அமர்தல், நடத்தல் என்னும் நிலைகளைத் தேர்ந்துகொள்ளக் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியை மணிக்கட்டில் அணிவிப்பதும் உண்டு. ஜப்பானியரான சங்காய் என்பவர் சுக்குபாவில் கண்ட ஹால் என்னும் கூடு வேறு வகையானது; தசையில் எஞ்சியுள்ள மிகச் சிறிய மின் அதிர்வைத் தோலின்மேல் உணர்ந்து அதற்கேற்ப இயங்கும். ஆகவே ஊறு முழுமையாகாது சிறிது இயக்கம் எஞ்சியவர்க்கே அது பொருந்துவது.

ஊன்றுகோல் எதற்கென்று மாணவர் கேட்கலாம். ஒரு பொருளின் புவிமையத்தினின்று கீழே வரையும் செங்குத்துக்கோடு அதன் அடித்தளத்தினுள் விழுமளவும் அப்பொருள் சாயாது நிற்கும் என்பது நாம் வகுப்பிற் கற்றதே. மனிதனின் அடித்தளம் இரு பாதங்களுக்கிடையே உள்ள சிறிய இடம். நாம் ஒவ்வொரு கணமும் கணுக்காலையும் இடுப்பையும் அறியாமலே திருத்தி அக்கோட்டை உள்ளடக்குகின்றோம். அத்திருத்தம் இழந்தவர்க்கு இரண்டு ஊன்றுகோல்கள் அடித்தளத்தை அகலமாக்குகின்றன. ஊன்றுகோலின்றித் தானே நிலைநிற்கும் கூடுகளும் உள. நியூசிலாந்தின் ரெக்ஸ் அவற்றுள் ஒன்று. பிரான்சின் அட்டலாண்டே மற்றொன்று. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டிற்குமுன், கால் முடங்கிய வீரர் ஒருவர் அட்டலாண்டே கூட்டினை அணிந்து தீபமேந்தி நடந்தார். கைகள் ஓய்ந்திருத்தல் இவற்றின் நன்மை. பாரமும் மெதுவான நடையும் இவற்றின் குறை.

4. யாவர் அணியலாம்?

படக்காட்சியில் காணாதது இப்பகுதி. ரீவாக் கூட்டினை வீட்டில் அணிதற்கு 2014-ஆம் ஆண்டு தரப்பட்ட அனுமதி, மார்பு முள்ளெலும்பு ஏழாவது முதல் இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவது வரை ஊறுபட்டவர்க்கே உரியது. அவர்க்கும் தனியே நடக்க அனுமதியில்லை. பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். கைகளும் தோள்களும் ஊன்றுகோலைத் தாங்குதல் வேண்டும். உயரமும் எடையும் கூட்டின் அளவிற்குள் அமைதல் வேண்டும். எலும்பு மிக நொய்ந்தவர், மூட்டு இறுகிப்போனவர், ஆறாப் புண் உடையவர், தசை விறைப்பு மிகுந்தவர் இதனை அணியலாகாது. கூட்டினுள் நடக்கையில் கால் எலும்பு முறிந்த நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வலி தோன்றாமையால் முறிந்ததை உடனே அறிய இயலாதென்பதே அதன் கொடுமை.

தகுதியுடையவர்க்கு நன்மை இல்லையோ எனின், உண்டு. நிமிர்ந்து நிற்றலும் காலில் பாரம் ஏறுதலும் உடலுக்கு ஒருவகைப் பயிற்சி. சிலரிடத்துத் தசை விறைப்புத் தணிந்ததாகவும், மலங்கழித்தல் எளிதானதாகவும் ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். எதிரில் நிற்பவரின் கண்ணை அவருக்கு நேராய் நோக்கிப் பேசுவதே தமக்கு எல்லாவற்றினும் பெரிய இன்பமாயிருந்ததென்று அணிந்தோர் பலர் கூறியுள்ளனர். நாள் முழுவதும் நின்று திரியும் நாம் இதன் அருமையை எளிதில் உணரமாட்டோம்.

5. அன்றாட வாழ்க்கையில்

இயந்திரம் நடக்கின்றதா என்பது ஒரு கேள்வி. அதனைக் கொண்டு ஒருவர் தம் நாளை நடத்த இயலுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குக் கணக்கே விடை தரும்.

பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, புறக்கூட்டில் நடப்போரின் சராசரி வேகம் வினாடிக்கு 0.26 மீட்டர் என்று கண்டது. நம்முடைய நடை வினாடிக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர். பத்து மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க நமக்கு எட்டு வினாடி செல்லும். அவர்க்கு 38 வினாடி செல்லும். விடுதியினின்று வகுப்பறை 400 மீட்டர் தொலைவாயின், நமக்கு ஐந்து நிமிடம் போதும். அவர்க்கு 25 நிமிடத்திற்கு மேலாகும். அதற்குள் பாடம் பாதி முடிந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவரோ நம்முடன் பேசிக்கொண்டே வந்து சேர்வார். கூட்டினை அணியவும் கழற்றவும் ஆகும் நேரத்தையும், மணலிலும் மேடுபள்ளத்திலும் அது இடர்ப்படுவதையும் இக்கணக்கிற் சேர்த்திலேன். படிக்கட்டு ஏறுவதற்கு ரீவாக் கூட்டிற்கு அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டிலேதான் அனுமதி கிடைத்தது.

அமெரிக்காவில் முன்னாட்படைவீரர்க்கான துறையின் ஆராய்ச்சியாளர் இக்கேள்வியை நேரே சோதித்து 2024-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கால் முடங்கிய 161 படைவீரரை இரு குழுவாக்கி, ஒரு குழுவினர்க்குச் சக்கர நாற்காலியுடன் புறக்கூட்டினையும் அளித்து வீட்டிற்கனுப்பினர். மற்றக் குழுவினர்க்குச் சக்கர நாற்காலி மட்டுமே. சில மாதங்கள் கழித்து, மனநலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் பற்றிக் கேட்ட வினாக்களுக்கு இரு குழுவினரும் அளித்த விடைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எதிர்பார்த்த அளவு பலர் கூட்டினை அணியவும் இல்லை. துணைவர் எப்பொழுதும் உடனிருக்க வேண்டுமென்னும் நிபந்தனை அதற்கொரு காரணமாகலாம். இதனால் கூடு பயனற்றதென்று முடிவு கட்டுதல் அவசரமாகும். நன்மை பெறுவார் சிலர். யாவர்க்கும் அது விடுதலை தருமென்பது மெய்ப்பிக்கப்படவில்லை. இவ்வளவே இச்சோதனையின் பொருள்.

6. விலையும் பழுதும்

2024-ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டார் ஒரு கூட்டிற்கென வகுத்த தொகை ஏறக்குறைய 91,000 டாலர். அவ்வாண்டின் நாணய மாற்றுப்படி நம் பணத்தில் 75 லட்ச ரூபாய் எனலாம். விலை கொடுத்தாலும் கவலை தீராது. அதே ஆண்டில், குதிரைப் பந்தயத்தில் வீழ்ந்து கால் முடங்கிய ஒருவர் பல்லாண்டுகளாய் அணிந்து நடந்த கூடு, மணிக்கட்டுக் கருவியின் மின்னிணைப்பில் நேர்ந்த சிறு பழுதினால் நின்றுபோயிற்று. கூடு ஐந்தாண்டிற்கு மேற்பட்டதாதலின் செப்பனிட இயலாதென்று செய்தவர் மறுத்தனர். செய்தித்தாள்களில் அஃது எழுந்து ஊரறிந்த பின்னரே பழுது நீக்கப்பட்டது. ஒரு சிறு கம்பி அறுந்தமைக்காக ஒரு மனிதர் இரண்டாம் முறை முடங்குவதோ? இயந்திரம் செய்பவர் அதனைச் செப்பனிடும் கடமையையும் ஏற்றல் வேண்டும். வாங்குபவர் அருகில் செப்பனிடுவார் உளரா என்பதை முன்னரே வினாவுதல் வேண்டும்.

நம் மாநிலத்திலேயே மற்றொரு வழியில் முயன்றவர் உளர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2019-ஆம் ஆண்டில் அரைஸ் என்னும் சக்கர நாற்காலியை வெளியிட்டனர். மோட்டார் இன்றி, அமர்ந்தவர் தம் கைவலியாலேயே அதனை நிமிர்த்தி எழுந்து நிற்கலாம். நடக்க இயலாது, ஆயின் நிற்கலாம், எதிரில் உள்ளவரை நேராய் நோக்கலாம். அதன் விலை அப்பொழுது ஏறக்குறைய 15,000 ரூபாய். ஒரு புறக்கூட்டின் விலையில் ஐந்நூறு பேர் எழுந்து நிற்கலாம் என்று கணக்குக் காட்டுகின்றது.

7. யான் எழுதிய விடை

இவையனைத்தையும் ஆய்ந்தபின் அந்நண்பர்க்கு நான் எழுதியதன் சாரம் வருமாறு: நடக்க விரும்புதல் குற்றமன்று, அவ்வாசையை விட்டுவிடுமாறு யான் கூறேன். மருத்துவமனையொன்றில் இத்தகைய கூட்டினை அணிந்து பயிலும் வாய்ப்புக் கிட்டுமாயின், மருத்துவரின் அனுமதியுடன் அதனைப் பெறுக. ஆயின் நிலத்தை விற்க வேண்டா. நிலம் போனபின் கூடு பழுதாயின் இரண்டும் இல்லை. முதலில் உமது உடலளவிற்கு ஏற்ற நாற்காலியும், புண்ணைத் தடுக்கும் மெத்தையும், அகன்ற கழிப்பறைக் கதவும், வாயிலில் சாய்தளமும் அமைத்துக்கொள்க. அன்றாடம் உம்மை வெளியே கொண்டு செல்வன இவையே.

வேலூரில் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தில் கால் முடங்கியபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார் என்பதையும், பின்னர் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமாயிருந்தார் என்பதையும் அவர்க்கு நினைவூட்டினேன். நடையை இழந்தவர் தொழிலை இழக்க வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அவருடைய மறுமொழி இருபது நாளில் வந்தது. நிலம் விற்கப்படவில்லை என்றும், தந்தையாரும் மனந்தேறினார் என்றும் எழுதியிருந்தார். கடிதத்தின் கீழே ஒரு வினா இருந்தது: “ஐயா, வருகின்ற பழைய மாணவர் நாளுக்கு வர விரும்புகின்றேன். நம் பேரவை மண்டபத்தின் படிகள் அப்படியேதான் உளவா?”

யான் சென்று அளந்து பார்த்தேன். படிகள் மூன்று, ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம், ஆகப் பதினெட்டு அங்குலம். சாய்தளத்திற்கு ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமென்பது விதி. பதினெட்டு அங்குலத்திற்குப் பதினெட்டு அடி நீளம் போதும். மண்டபத்தின் இடப்புறத்தே அதற்கு மேலும் இடம் உளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்லூரிக் கட்டடங்கள் யாவர்க்கும் எட்டுமாறு அமைய வேண்டுமென்று விதிக்கின்றது. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும், நம்முடைய மாணவர் ஒருவர் வாயிலில் காத்திருக்கின்றார் என்றறிந்து செய்வது நன்று.

எழுபத்தைந்து லட்ச ரூபாய் நம்மிடம் இல்லை. செங்கல்லும் சிமெண்டும், சில நாள் கைவேலையும் நம்மிடம் உள. கணித வகுப்பு மாணவர் சாய்வைக் கணக்கிடட்டும். விடுதி மாணவர் மண் சுமக்கட்டும். பழைய மாணவர் சங்கத்தார் செலவை ஏற்கட்டும். பழைய மாணவர் நாளுக்குமுன் அந்தப் பதினெட்டு அடியும் முடிந்திருத்தல் வேண்டும். அவர்க்கு இன்னும் விடை எழுதாதிருக்கின்றேன். படிகளைப் பற்றி நல்ல செய்தியுடன் எழுத விரும்புகின்றேன்.